என் காதைத் தைக்க நானும் கை தூக்கினேன்

எனக்கு எண்பத்தோரு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. மிச்சம் இரண்டும் என் தங்கை விட்டுவிட்டுப் போனவை. பெற்றதற்கும் எடுத்ததற்கும் ஒரே சட்டியில்தான் சோறு வடித்தேன். அதனால் யார் கேட்டாலும் ஏழு என்றுதான் சொல்வேன்.

நான் பிறந்தது எழுமலைப் பக்கம். வாக்கப்பட்டது பரவையில். பரவை மார்க்கெட்டில் கத்தரிக்காய் மூட்டை இறங்கும்போது என் குரல் கேட்டுத்தான் லாரிக்காரன் பின்னால் எடுப்பான் என்பார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. ஆனாலும் பாதி நிஜம். நாற்பது வயதுக்கு மேல் ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்தேன். பஸ் போர்டு வாசிப்பேன். எழுத்துக் கூட்டி எழுதுவேன். எழுதியதைத் திரும்ப வாசிக்கத்தான் எனக்கு வராது, என் எழுத்து என்னையே பார்த்து முழிக்கும். பிழையைத் திருத்திக்கொள்வது பேத்தி பாடு.

இப்போது நான் இருப்பது ஓர் இல்லத்தில். பரவையைத் தாண்டி, ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, சுற்றிலும் பொட்டல். மகன்கள் திருப்பூரோடு போய்விட்டார்கள். மகள் வீடு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறை. அதில் அவளும் மருமகனும் பேத்தியும் படுத்தால் கால் நீட்ட இடம் இருக்காது. நானும் அங்கே போய்ச் சுருண்டு கிடக்க என் மனம் ஒப்பவில்லை. நானே கேட்டு இங்கே வந்தேன். யாரும் கொண்டுவந்து விடவில்லை. இதை அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன்.

வந்த புதிதில் இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. காரணம் உண்டு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊர் டீக்கடையில் எங்கள் ஆட்களுக்குத் தனி கிளாஸ். வெளியே ஒரு கல்லின் மேல் கவிழ்த்து வைத்திருப்பான். நாமே எடுத்து, நாமே குடித்து, நாமே கழுவி, மறுபடியும் கவிழ்த்து வைக்க வேண்டும். அந்தக் கல்லைக் கடந்து வந்தவள் நான். இங்கே முதல் நாள் காலையில் ரிடையரான டீச்சரம்மா குடித்த அதே மாதிரி டம்ளரில் எனக்கும் காபி வந்தது. அதே பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தேன். அன்றைக்கு அந்தக் காபியில் சர்க்கரையும் இருந்தது.

இல்லத்தை நடத்துகிறவரை ஐயா என்போம். நல்ல மனிதர். அவரைப் பெற்ற தாய் இப்படி ஓர் இடத்தில்தான் கடைசிக் காலத்தைக் கழித்தாராம். பக்கத்துக் கட்டில்காரிக்கு வாராவாரம் பலகாரம் வரும், இவருக்கு ஒன்றும் வராதாம். அதைப் பார்த்துப் பார்த்தே ஏங்கிச் செத்தார் என்று ஐயா சொல்லும்போது கண் கலங்கும். அதனால் அவர் ஒரே ஒரு சட்டம்தான் வைத்தார். இங்கே ஒருத்தரைப் பார்த்து இன்னொருத்தர் மனம் நோகக் கூடாது. அவ்வளவுதான்.

இதில் என்ன தப்பு இருக்கிறது? நானும் தலையாட்டினேன்.

ஒரு சட்டம் குட்டி போடும் என்று அப்போது தெரியாது. ஒருத்தி பட்டுச் சேலை கட்டி உட்கார்ந்தாள், இன்னொருத்தி அழுதாள். எல்லாருக்கும் சந்தனக் கலரில் ஒரே சேலை வந்தது. பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. அவர்கள் பார்க்க மற்றவர்கள் இனித்த காபி குடிப்பது பாவம் என்று எல்லாருக்கும் சர்க்கரை நின்றது. பிறகு இரத்தக் கொதிப்புக்காரர்களை நினைத்து உப்பு குறைந்தது. பல் போனவர்களை நினைத்துச் சோறு குழைந்தது. எனக்கு இன்றைக்கும் கரும்பு கடிக்கிற பல். கஞ்சி மாதிரிச் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பற்கள் வேலையில்லாமல் சும்மா கிடக்கும்.

எல்லாம் கை தூக்கித்தான் முடிவாகும். வராந்தாவில் உட்கார வைத்து ஐயா விஷயத்தைச் சொல்வார். "எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்பார். கைகள் மேலே போகும். ஒரு கை மட்டும் கீழே இருந்தால் அந்தக் கைக்காரி தனியாகத் தெரிவாள். தனியாகத் தெரியக் கூடாது என்பதற்குத்தானே இந்த இடம். அதனால் கை தூக்குவது எங்களுக்கு இருமல் மாதிரி ஆகிவிட்டது, ஒருத்தி ஆரம்பித்தால் வரிசையாக எல்லாருக்கும் வரும்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், அதனால் தங்கச்சி. மதுரை மகால் பக்கம் பட்டுத் தறி போட்ட சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் அவர்கள் பேச்சு வேறு. அவளுடைய அக்காளோடு போனில் அந்தப் பேச்சில்தான் பேசுவாள். முகமெல்லாம் வேறு மாதிரி ஆகிவிடும், கழுத்தை ஒடித்து ஒடித்துச் சிரிப்பாள். நம்மைப் பற்றித்தான் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள் என்று யாரோ ஐயாவிடம் சொல்லிவிட்டார்கள். பொதுவில் எல்லாருக்கும் புரிகிற பேச்சே பேசுவோம் என்று முடிவானது. அன்றைக்கும் எல்லாரும் கை தூக்கினோம், அவளும் தூக்கினாள். இப்போது அக்காளிடம் தமிழில், "சாப்ட்டியா? தூங்குனியா? சரி, வச்சுரவா?" என்பாள். வைத்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். தூக்கத்தில் மட்டும் அந்தப் பேச்சு வரும். நான் யாரிடமும் சொன்னதில்லை.

இனி என் காதுக்கு வருகிறேன்.

எனக்கு வளர்த்த காது. தோளைத் தொடாத குறைதான். அதில் நான் போட்டிருந்த தண்டட்டி எங்கள் பக்கத்திலேயே கனமானது. இல்லத்துக்கு நகை கொண்டுவரக் கூடாது என்றதும் கழற்றி மகளிடம் கொடுத்தேன். அவள் அதை அழித்துப் பேத்திக்குச் சங்கிலி செய்தாள். காதை மட்டும் கழற்ற முடியாதே. வெறுங்காதாக என்னோடு வந்தது. நடந்தால் கன்னத்தில் தட்டும். இங்கே வேறு யாருக்கும் இப்படிக் காது இல்லை. இருந்த ஒன்றிரண்டு பேரும் தங்கள் மகள் கல்யாணத்துக்கு முன்னாலேயே நாகரிகம் என்று தைத்துக்கொண்டவர்கள்.

பிறந்த நாளுக்குச் சாப்பாடு போட வருகிறவர்களும் காலேஜ் பிள்ளைகளும் வந்தால் நேரே என்னிடம்தான் வருவார்கள். "பாட்டி, காதைக் கொஞ்சம் காட்டுங்க" என்று செல்போனைத் தூக்குவார்கள். நானும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டுவேன். எனக்கு அது பெருமைதான், மறைக்கவில்லை. எண்பது வயதில் என்னைப் பார்க்க நாலு பேர் சுற்றி நின்றால் எனக்கென்ன கசக்குமா?

ஒருநாள் டீச்சரம்மா ஐயாவிடம் அழுதுவிட்டார்.

"வர்றவங்க எல்லாம் அவங்க காதைப் போட்டோ எடுத்துட்டுப் போயிடுறாங்க. நாங்க இங்க என்ன, தூணா? ஒருத்தராவது எங்களைத் திரும்பிப் பாக்குறாங்களா?"

மறுநாள் வராந்தாவில் கூடினோம். ஐயா யாரையும் குறை சொல்லவில்லை. "நல்ல டாக்டரம்மா ஒருத்தங்க வாராங்க. காசு கிடையாது. காது நீண்டு போன அம்மாக்களுக்கு அழகாத் தச்சுக் குடுத்துருவாங்க. எல்லாருக்கும் சம்மதந்தானே?"

கைகள் மேலே போயின. டீச்சரம்மா கை, தங்கச்சி கை, சமையல்காரி கை. என் கையும் போனது.

கலைந்து போகும்போது தங்கச்சி என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க்கா, நீங்களுமா தூக்குனீங்க?"

"ஆமா. எல்லாரும் தூக்குனாகளே."

"தைக்கப்போறதே ஒங்க காதைத்தானே!"

நான் அப்படியே நின்றுவிட்டேன். கையால் காதைப் பிடித்துப் பார்த்தேன். "அடி பாவி, அப்ப நீ எதுக்குடி தூக்குன?"

"நீங்களே தூக்கிட்டீங்க. நான் மட்டும் தூக்காம இருந்தா நல்லாவா இருக்கும்?"

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் அன்றைக்குக் கழுத்தை ஒடித்துச் சிரித்தாள். ஆனால் கட்டிலில் போய் உட்கார்ந்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரம் முழுக்க என் காதைப் பற்றியே நினைப்பு. நான் ஒன்றும் ஆசைப்பட்டு வளர்த்த காது இல்லை. சின்னப் பிள்ளையில் என்னைப் பிடித்து அமுக்கி ஓட்டை போட்டார்கள். பஞ்சைத் திணித்தார்கள். புண் ஆறுவதற்குள் குணுக்கு என்ற ஈய வளையத்தைப் போட்டார்கள், கனம் இழுத்து இழுத்துக் காது இறங்குவதற்கு. சீழ் வைத்தது. ஒருக்களித்துப் படுக்க முடியாது. வலிக்கிறது ஆத்தா என்று அழுதால், "ஊர்ப்பிள்ளைக பூராம் காது வளத்து நிக்கிதுக. நீ மட்டும் மூளியா நின்னா எவன்டி ஒன்னயக் கட்டுவான்?" என்பாள் என் தாய். காதில் ஒன்றும் தொங்காதவளை மூளி என்று சொல்வது எங்கள் பக்கத்தில் பெரிய வசவு. எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்குப் புண் முற்றிக் காது அறுந்துபோனது. அவளை நாங்களே மூளி, மூளி என்று கூப்பிட்டு ஓட விட்டோம். அவள் எங்களோடு விளையாட வருவதையே விட்டுவிட்டாள். அன்றைக்கும் எல்லாரும் சேர்ந்து கை தூக்கியதால்தான் என் காது நீண்டது. இன்றைக்கு எல்லாரும் சேர்ந்து கை தூக்கி அதைச் சுருக்கப் போகிறார்கள். இரண்டு தடவையும் என்னைத் தனியாக யாரும் கேட்கவில்லை. ஆனால் நடுவில் இருக்கிற எழுபது சொச்சம் வருசம் இந்தக் காதைச் சுமந்தது நான். கத்தரிக்காய்க் கூடையை இந்தக் காது இரண்டும் ஆட ஆடத்தான் சுமந்தேன். ஏழு பிள்ளைகளும் பால் குடிக்கும்போது இதைத்தான் பிடித்துக்கொண்டு கிடந்தன. ஒன்றுமில்லாத தோல்தான். ஆனாலும் என்னுடையது என்று இங்கே மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பேத்தி வந்தாள்.

பேத்தி வந்தால் என்னிடம் வர முடியாது. அதற்கும் ஒரு சட்டம் உண்டு. பார்க்க ஆள் வருகிறவர்களைப் பார்த்து வராதவர்கள் மனம் நோகிறது என்று, வருகிறவர்களைப் பொதுவாக்கிவிட்டார்கள். யார் வந்தாலும் முறை வைத்து, ஆள் வராத ஓர் அம்மாவின் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். நம் பிள்ளையை நாம் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம், தடையில்லை. அந்தச் சட்டத்துக்கும் நான் கை தூக்கியிருக்கிறேன். அப்போது ஆள் வராத அம்மாக்களின் முகத்தைப் பார்த்துத்தான் தூக்கினேன், அது பொய்யில்லை.

அன்றைக்குப் பேத்தி ஒரு கிழவியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேலூர்ப் பக்கத்துக்காரி, வாய் கூடியவள். ஹாலின் இந்தக் கோடியில் நான். கிழவி என் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பேத்தி எம்புட்டு இளைச்சுப் போயிட்டா" என்றாள். இளைத்ததை நானும் பார்த்திருந்தேன். சொல்லத்தான் வாய் இல்லை.

பேத்தி கெட்டிக்காரி. எனக்குக் கேட்கட்டும் என்று உரக்கப் பேசினாள். காலேஜில் அவள் கதைகளைப் படிக்கிற படிப்பு. எல்லாரும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும் என்கிற ஊர்களைப் பற்றி உலகத்தில் நிறையக் கதை இருக்கிறதாம். சிரிப்பும் வருமாம், பயமும் வருமாம். அவளையும் அப்படி ஒன்று எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள்.

"நான் ஒரு ஊரு யோசிச்சு வச்சிருக்கேன் அம்மாச்சி," என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். பிறகு கிழவியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்த ஊர்ல எல்லாரும் ஒரே ஒசரமா இருக்கணும். நெட்டையா இருக்கவங்களுக்கு ரோட்டோரமாக் குழி வெட்டி விட்டிருப்பாங்க. அவங்க அந்தக் குழிக்குள்ளதான் நடக்கணும். தள்ளி நின்னு பாத்தா தலை பூராம் ஒரே மட்டமாத் தெரியும்."

கிழவி யோசித்தாள். "கூறுகெட்ட ஊரா இருக்கும் போலயே. குட்டையா இருக்கவளுக்கு ஒரு மணையப் போட்டு ஏத்தி விட்டா முடிஞ்சது சோலி. நெட்டச்சிய எதுக்குத்தா குழிக்குள்ள எறக்குறாக?"

நான் ஹாலின் இந்தக் கோடியிலிருந்து சிரித்துவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த டீக்கடைக் கல்தான் எனக்கு ஞாபகம் வந்தது. எங்களையும் உள்ளே கூப்பிட்டு எல்லாரும் குடிக்கிற கிளாஸில் கொடுங்கள் என்றுதான் எங்கள் ஆட்கள் கேட்டார்கள். எல்லாருடைய கிளாஸையும் கொண்டுவந்து அந்தக் கல்லின் மேல் கவிழ்க்கச் சொல்லவில்லை.

போகும்போது வாசலில் செருப்பு மாட்டுகிற சாக்கில் பேத்தி என் பக்கம் வந்தாள். காது தைக்கப் போகிற விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்களே எழுதிக் குடுங்க அம்மாச்சி. நான் கதை கட்டவே வேணாம் போல" என்றாள்.

டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு. அலுவலக அறையில் துணி விரித்து, கத்தி, ஊசி, நூல் எல்லாம் தயாராக இருந்தது. என் காதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். விரல் குளிர்ச்சியாக இருந்தது.

"மரத்துப் போக ஊசி போட்டு, நறுக்கித் தச்சிருவேன் பாட்டி. தைக்கலாமா?"

"எல்லாரும் கை தூக்கியாச்சு தாயி."

"எல்லாரும் தூக்கட்டும். காது உங்களுது. உங்களுக்கு வேணுமா?"

வெறும் கேள்விதான். சாப்பாடு போதுமா, சேலை வேண்டுமா, விளக்கை அணைக்கலாமா என்று எதைக் கேட்டாலும் இங்கே எல்லாரையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். உனக்கு வேண்டுமா என்று ஒருத்தர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டு எத்தனையோ காலம் ஆகிறது. எனக்கென்று ஒரு வேண்டும், வேண்டாம் இருக்கிறதா என்று நானே உள்ளே தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

"தூக்குன கையை எறக்கிக்கிறேன் தாயி. வேண்டாம்."

அவர் சிரித்துக்கொண்டே கத்தியைத் துணிக்குள் சுற்றினார்.

ஐயா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், என் பரவைக் குரலைக் காட்டியிருப்பேன். அவர் முகம் வாடிப்போனது. தன் தாயை நினைத்திருப்பார். யாரோ குளிருக்கென்று தானம் கொடுத்த கம்பளிக் குல்லாய்கள் ஸ்டோர் ரூமில் மூட்டையாகக் கிடந்தன. காதை மூடிக் கழுத்து வரைக்கும் இறங்குகிற குல்லாய். வெளியாட்கள் வரும்போது நான் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். ஆனால் என்னை மட்டும் போடச் சொன்னால் அது ஒதுக்கியது மாதிரி ஆகுமே.

"அதனால எல்லா அம்மாக்களுமே போட்டுக்குவோம். எல்லாருக்கும் சம்மதந்தானே?"

கைகள் மேலே போயின. என் கை மடியிலேயே கிடந்தது. கை தூக்கியவர்கள் எல்லாரும் அந்தத் தூக்கிய கைக்குக் கீழே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதுரைச் சித்திரை வெயிலில் கம்பளிக் குல்லாய். நினைத்துப் பாருங்கள். சாப்பாடு போட வருகிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு சங்கடப்படுகிறார்கள், சீக்கிரம் கிளம்பிவிடுகிறார்கள். இப்போது யாரையும் யாரும் போட்டோ எடுப்பதில்லை. எல்லாருக்கும் வேர்க்குரு. "அவங்க காதுக்காக எங்க தலை வேகுது" என்கிறார் டீச்சரம்மா, என் காதுபட. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்குப் பிடிக்காவிட்டாலும் நானும் போட்டுக்கொள்கிறேன். என்னால் அவர்கள் வேகும்போது நான் மட்டும் காற்றாட உட்கார்ந்திருக்க முடியவில்லை.

அதெல்லாம் போகட்டும். தங்கச்சி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்கு ஆறவில்லை. இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துப் படுப்போம். இப்போது அவள் தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிக்கொண்டாள். தூக்கத்தில் அவள் பேசுவதுகூட எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. ஒருநாள் நானே, "ஏந்த்தா, எம்மேல கோவமா?" என்று கேட்டேன். வேர்க்குருவைச் சொறிந்துகொண்டே, "நான் என் பேச்சையே விட்டுக் குடுத்தேன். நீங்க ஒரு காதை விட்டுக் குடுக்கலை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் பேச்சுக்காக அன்றைக்கு நான் என் கையைக் கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. காது எனக்கு மிஞ்சிவிட்டது. மத்தியானம் முழுக்க அதைத் தடவிக்கொண்டு ஜன்னல் வழியே பொட்டலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்ட மாதிரியே எழுதிவிட்டேன் பேத்தி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வரும்போது உன் முறை யாரோடு என்று கேட்டு வைத்திருக்கிறேன் தாயி. தங்கச்சியோடுதான். இந்தத் தாள்களை வாசலிலேயே உன் கையில் கொடுத்துவிடுவேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்கு வாசிக்கிற மாதிரி வாசி. அவள் தூக்கத்தில் பேசுகிற இடம் வந்தால் நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே வாசி. இனி அவள் பேச்சை நிறுத்த இன்னொரு தடவை கை தூக்கச் சொன்னால் என் கை கீழேதான் இருக்கும், அதையும் சேர்த்து வாசி. நான் அந்தக் கோடியில் குல்லாய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கம்பளிக்குள் சரியாகக் கேட்காது, கொஞ்சம் சத்தமாகவே வாசி தாயி.